நூறு சதவீதம் கரண்ட் வந்தாச்சு என்றால், மலை ஊரில் ஏன் இன்னும் இருட்டு?

கேள்வி, பிப்ரவரி 9

"கடைசி கிராமத்துக்கும் மின்சாரம் போய்ச் சேர்ந்துவிட்டதாக 2018-லேயே அறிவித்தார்கள். போன வாரம் அந்தியூர் மலைப்பக்கம் போயிருந்தேன். ஒரு குடியிருப்பில் ராத்திரி ஒரு பல்புகூட எரியவில்லை. எது பொய்? கம்பி இழுக்க முடியாத இடத்துக்கு ஆளுக்கொரு சோலார் பேனல் கொடுத்தால் வேலை முடிந்தது. இதற்கு ஏன் இத்தனை வருஷம்?"

பிப்ரவரி 9, இரவு

தம்பி, அறிவிப்பும் பொய் இல்லை, நீங்கள் பார்த்த இருட்டும் பொய் இல்லை. கணக்கு எடுக்கிற முறை அப்படி.

2018 ஏப்ரல் 28 அன்று மணிப்பூரில் லெய்சாங் என்ற ஊருக்கு மின்சாரம் போனது. பட்டியலில் இருந்த கடைசி ஊர் அது. 2015 ஏப்ரல் 1 நிலவரப்படி மின்சாரம் இல்லாத கிராமங்கள் 18,452 என்று கணக்கெடுத்து, ஆயிரம் நாளில் முடிப்பதாகச் சொல்லி வேலை செய்தார்கள். அது பெரிய வேலைதான், குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு கிராமம் மின்சாரம் பெற்றதாகச் சொல்ல 2004-இல் வைத்த அளவுகோல் என்ன தெரியுமா? ஊருக்குள் டிரான்ஸ்பார்மரும் கம்பியும் வர வேண்டும், பள்ளிக்கூடம், பஞ்சாயத்து ஆபீஸ் மாதிரி பொது இடங்களுக்கு இணைப்பு இருக்க வேண்டும், நூற்றுக்குப் பத்து வீட்டில் விளக்கு எரிய வேண்டும். மீதி தொண்ணூறு வீடு இருட்டில் கிடந்தாலும் அந்த ஊர் 'முடிந்தது' பட்டியலுக்குப் போய்விடும்.

அதற்கு முன்னால் இன்னும் மோசம். 1997 வரைக்கும் வருவாய்க் கிராம எல்லைக்குள் எங்காவது, எதற்காவது மின்சாரம் பயன்பட்டால் போதும். வயல் நடுவில் ஒரு மோட்டார் ஓடினால் ஊரே மின்மயம்.

நீங்கள் பார்த்தது பெரும்பாலும் தனிக் கிராமமாகவே பட்டியலில் இருந்திருக்காது. கீழே ரோட்டோரம் இருக்கிற பெரிய ஊரின் ஒரு குக்கிராமமாகத்தான் இருக்கும். கீழூருக்குக் கரண்ட் வந்து நாற்பது, ஐம்பது வருஷம் ஆகியிருக்கும். காகிதத்தில் மேலூருக்கும் அதே தேதிதான்.

பிப்ரவரி 10, காலை

நேற்று ஒன்று விட்டுவிட்டேன். கிராமக் கணக்கு போதாது, வீட்டுக் கணக்கு வேண்டும் என்றுதான் 2017 செப்டம்பரில் சௌபாக்யா திட்டம் வந்தது. 16,320 கோடி ரூபாய். ஏழை வீட்டுக்கு இலவசம், மற்றவர்களுக்கு 500 ரூபாய், அதையும் பில்லோடு பத்துத் தவணையாகக் கட்டலாம். இரண்டரைக் கோடி வீடுகளுக்கு மேல் இணைப்பு கொடுத்தார்கள். ஒரு மீட்டர், ஒரு பல்பு, ஒரு பிளக் பாயின்ட், அவ்வளவுதான். ஆனால் மாநிலம் கொடுத்த பட்டியலில் பெயர் இருந்த வீட்டுக்குத்தான் அது போகும். காட்டுக்குள் இருக்கிற வீட்டுக்குப் பட்டா இல்லை, பல இடத்தில் வீட்டுவரி ரசீதும் இல்லை. அந்த வீடுகள் எந்தப் பட்டியலிலும் ஏறாமல் நின்றன.

பிப்ரவரி 12

சோலார் கேள்விக்கு வருகிறேன். இது என் பிழைப்பு. வயரிங்கில் ஆரம்பித்து, இப்போது சத்தியமங்கலம், அந்தியூர் மலைப்பக்கம் சோலார் பொருத்துவதும் பழுது பார்ப்பதும்தான் வேலை. அதனால் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கம்பி போக முடியாத வீட்டுக்கு சௌபாக்யாவில் கொடுத்தது 200 முதல் 300 வாட் வரை பேனல், ஒரு பேட்டரி, ஐந்து எல்இடி பல்பு, ஒரு டிசி ஃபேன், ஒரு டிசி பிளக். ஐந்து வருஷப் பராமரிப்பும் சேர்த்து. நல்ல வெயில் நாளில் 300 வாட் பேனல் ஒரு யூனிட் கரண்ட் கொடுக்கும். விளக்குக்கும் ஃபேனுக்கும் போனுக்கும் அது தாராளம். ஐப்பசி, கார்த்திகையில் மலையில் நாள் கணக்காக மூடாப்பு போட்டால் அதில் பாதிகூடத் தேறாது.

ஒரு வீட்டில் பேட்டரிப் பெட்டியைத் திறந்தேன். டெர்மினல் முழுக்க வெள்ளைப் பூ பூத்திருந்தது. மூடியைக் கழற்றினால் தண்ணீர் பிளேட்டுக்கும் கீழே இறங்கியிருந்தது. டிஸ்டில்டு வாட்டர் வாங்க அவர்கள் பஸ் பிடித்துக் கீழே இறங்க வேண்டும். பேட்டரி ஏறுவதையும் இறங்குவதையும் கட்டுப்படுத்துகிற பெட்டி, சார்ஜ் கன்ட்ரோலர், சுவரில் தொங்கியது. ஆனால் அதைத் தாண்டி பேட்டரியிலிருந்து நேராக பல்புக்கு இரண்டு ஒயர் ஓடியது. 'யார் இப்படிப் பண்ணினது' என்று கேட்டேன். அந்த அம்மா சொன்னார்: 'மருமகளுக்கு வலி வந்த ராத்திரி, சாமி. கரண்ட் பாதியில நின்னுபோச்சு. பையன்தான் ஒயரை மாத்திக் கட்டுனான்.'

பேட்டரி ஒரு அளவுக்குக் கீழே இறங்கினால் கன்ட்ரோலர் தானாக விளக்கை நிறுத்திவிடும். பேட்டரியைக் காப்பாற்றத்தான் அந்த ஏற்பாடு. ஆனால் பிரசவ வலி நேரத்தில் பேட்டரியின் ஆயுளை யார் பார்ப்பார்கள்? நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். அன்றைக்குக் கட்டிய ஒயர் அப்படியே நின்றுவிட்டது. பேட்டரி அடிமட்டம் வரை காலியாகி, திரும்ப ஏறி, திரும்பக் காலியாகி, சீக்கிரமே செத்துவிட்டது. மாதம் ஒரு தடவை யாராவது வந்து பார்த்திருந்தால் ஐந்து நிமிஷ வேலை. பராமரிப்பு ஒப்பந்தம் எடுத்தவர்களின் போன் நம்பர் பெட்டி மேலேயே ஒட்டியிருந்தது. அந்த ஊரில் டவர் கிடைக்காது.

புது பேட்டரி, 100 ஆம்பியர்-அவர் என்றால் பத்தாயிரம் ரூபாய் பக்கம் வரும். கடுக்காய் பொறுக்கியும் சுண்டைக்காய் பறித்தும் பிழைக்கிற வீட்டில் அதை எடுத்து வைக்க முடியாது. பேனல் மட்டும் கூரைமேல் பளபளவென்று இருக்கும். போட்டோவுக்கு அது போதும்.

பிப்ரவரி 13

'அப்படியென்றால் சோலார் வீணா' என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அப்படிச் சொல்லவில்லை. பொருளைக் கொடுத்தார்கள், அதைப் பார்த்துக்கொள்ள ஆளைக் கொடுக்கவில்லை. அதுதான் என் சண்டை.

பங்களாதேஷைப் பாருங்கள். 2003-இலிருந்து ஐட்கால் என்ற அரசு நிதி நிறுவனம் மூலம் 40 லட்சம் வீடுகளுக்கு மேல் சிறு சோலார் போனது. யாருக்கும் மொத்தமாகக் கொடுக்கவில்லை, தவணையில் விற்றார்கள். கிராமீன் சக்தி மாதிரி அமைப்பின் ஆள் தவணை வசூலிக்க வருவார், வந்தபடியே பேட்டரியில் தண்ணீரும் பார்ப்பார், ஃபியூஸ் போயிருந்தால் மாற்றுவார். பணம் வாங்க வருகிறவரே பழுது பார்க்கிறவர். விளக்கு எரியாவிட்டால் தவணை தர மாட்டார்கள் என்பதால் அவருக்கும் அக்கறை இருந்தது. தவணை முடிந்த பிறகு அந்த வருகை குறையும், பேட்டரியும் சரியாக அந்த நேரத்தில்தான் வயதாகி நிற்கும். அப்புறம் அங்கே அரசுக் கம்பி வேகமாகப் பரவியது. 2022 மார்ச்சில் நாடு முழுக்க மின்சாரம் என்று அறிவித்தார்கள். நிறையப் பேர் பேனலைக் கழற்றி வைத்துவிட்டார்கள்.

ராஜஸ்தான் திலோனியாவில் பங்கர் ராய் தொடங்கிய பேர்ஃபுட் காலேஜ் வேறு வழியில் போனது. படிப்பு இல்லாத, வயதான பெண்களுக்கு சோலார் வேலை கற்றுக்கொடுத்து ஊருக்கே திருப்பி அனுப்புவார்கள். ஊர்க் கமிட்டி வீட்டுக்கு இவ்வளவு என்று மாதம் வசூலித்து அந்தப் பெண்ணுக்குச் சம்பளம் தரும். வாலிபப் பையனுக்குக் கற்றுக்கொடுத்தால் கையில் தொழில் வந்ததும் டவுனுக்குப் போய்விடுவான், பாட்டி போக மாட்டார் என்பதுதான் யோசனை. எங்கள் மலையில் இதைச் செய்தால் நடக்கும். களை எடுக்கிற கை ஸ்க்ரூ டிரைவரும் பிடிக்கும். ஹைட்ரோமீட்டர் என்ற கருவியை வைத்து பேட்டரி ஆசிட்டின் அடர்த்தி பார்க்கப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், ஆண்களைவிட சீக்கிரம் பிடித்துக்கொண்டார்கள்.

பிப்ரவரி 17

பீகார் தர்னாய் கதையைச் சொல்லாமல் இந்த விஷயத்தை முடிக்க முடியாது. ஜெகானாபாத் மாவட்டம். முப்பது வருஷம் போல கரண்ட் இல்லாத ஊர். 2014-இல் கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு அங்கே 100 கிலோவாட் சோலார் மைக்ரோகிரிட், அதாவது ஊருக்கு மட்டுமான சின்ன மின்வலை, அமைத்தது. திறப்பு விழாவுக்கு நிதிஷ் குமார் வந்தபோது ஊர்க்காரர்களில் ஒரு பகுதியினர் 'எங்களுக்கு நிஜக் கரண்ட் வேண்டும்' என்று கேட்டார்கள். கொஞ்ச நாளிலேயே அரசு லைனும் வந்தது, அதன் விலையும் குறைவு. வருஷங்கள் போக, பேட்டரிகள் தீர்ந்து அந்த மைக்ரோகிரிட் நின்றுபோனது.

அந்த ஊர்க்காரர்களை நன்றியில்லாதவர்கள் என்று பேசியதைக் கேட்டிருக்கிறேன். எனக்குக் கோபம் வரும். சோலாரில் ஃப்ரிட்ஜ் போடாதே, ஹீட்டர் போடாதே, மோட்டார் போடாதே என்று ஒரு பட்டியல் கொடுத்தார்கள். பட்டணத்தில் யாருக்காவது அந்தப் பட்டியலைக் கொடுத்துப் பாருங்கள்.

மலையில் பெண்களிடம் என்ன வேண்டும் என்று கேட்டால் முதலில் வருவது பல்பு இல்லை. ராகி அரைக்கிற மில். ராகியைத் தலையில் வைத்து இறங்கி, கியூவில் நின்று, மாவோடு ஏற வேண்டும். ஒரு பகல் போய்விடும், அன்றைய கூலியும் போய்விடும். சின்ன மில்லுக்கே 2 எச்பி மோட்டார், அதாவது 1,500 வாட். ஸ்டார்ட் ஆகும்போது ஐந்து மடங்கு கரண்ட் இழுக்கும். 300 வாட் பேனல்காரரிடம் அதைப் பேசவே முடியாது. அடுத்தது தண்ணீர் மோட்டார். டிவி மூன்றாவதுதான்.

பிப்ரவரி 18

ஓடந்துறை மாதிரி ஊருக்கு ஊர் காற்றாலை போடலாமே என்றவருக்கு: மேட்டுப்பாளையம் பக்கத்து ஓடந்துறைப் பஞ்சாயத்து 2006-இல் 350 கிலோவாட் காற்றாலை வாங்கியது உண்மை, பாராட்ட வேண்டிய காரியம். ஆனால் அந்தக் காற்றாலை ஊருக்குள் இல்லை, காற்று நன்றாக வீசும் உடுமலைப் பக்கம் நிற்கிறது. அதன் கரண்ட் மின்வாரியத்தின் கம்பியில் கலக்கிறது. கம்பி ஏற்கெனவே இருந்த ஊருக்கு அது வருமானம். கம்பியே இல்லாத ஊருக்கு அந்த வழி பயன்படாது.

பிப்ரவரி 25

'எங்க தலைக்கு மேலதான் கரண்ட் போகுது, எங்களுக்கு மட்டும் ஏன் இல்லை?' இந்தக் கேள்வியைக் கேட்காத மலை ஊர் இல்லை. நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் 1932-இல் ஓட ஆரம்பித்தது, அப்புறம் குந்தா. கோயம்புத்தூர் மில்லும் கொங்கு நாட்டுக் கிணற்று மோட்டாரும் அந்தக் கரண்டில் எழுந்தவை. தண்ணீர் மலையுடையது, டவர் நிற்பது மலையில், வெளிச்சம் மட்டும் கீழே.

டவர் லைனில் போவது ஒரு லட்சம் வோல்ட்டுக்கும் மேல். அதிலிருந்து ஒரு வீட்டுக்கு எடுக்க சப்ஸ்டேஷனே கட்ட வேண்டும். முப்பது வீட்டுக்காக யாரும் கட்ட மாட்டார்கள். அதனால் கீழூரிலிருந்து 11,000 வோல்ட் லைனை மேலே ஏற்ற வேண்டும். அது காட்டுக்குள் வரும். காடு என்றதும் ஃபைல் நின்றுவிடும்.

பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று: 2006 வன உரிமைச் சட்டத்தில் 3(2) என்ற பிரிவு இருக்கிறது. பள்ளி, அங்கன்வாடி, ரோடு, குடிநீர் என்று 13 வசதிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வன நிலத்தை விடலாம். ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக் கூடாது. கிராம சபை பரிந்துரைக்க வேண்டும். மின்கம்பியும் அந்தப் பதிமூன்றில் ஒன்று. டெல்லிக்கு ஃபைல் போக வேண்டியதில்லை, மாவட்ட அளவிலேயே முடிக்கலாம். இதைச் சொன்னால் ஆபீஸில் ஏதோ நான் புதிதாகச் சட்டம் எழுதிக்கொண்டு வந்த மாதிரி பார்த்தார்கள்.

யானை பற்றிய பயம் நியாயமானது. 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டத்தில் திருட்டு மின்வேலியில் மூன்று யானைகள் செத்தன. அதே மாதம் அதே மாவட்டத்தில் இன்னொரு யானை மேலே போன கம்பியில் பட்டுச் செத்தது. கம்பி தாழ்ந்து தொங்கக் கூடாது, காட்டுக்குள் வெறும் கம்பியே கூடாது. உறை போட்ட ஏபி கேபிள் இருக்கிறது, மண்ணுக்குள் புதைக்கிற கேபிள் இருக்கிறது. செலவு கூடும். யானையையும் காட்டி, செலவையும் காட்டி மனுஷனை மட்டும் இருட்டில் வைப்பது சரியில்லை.

மார்ச் 4

கம்பி வந்த ஊரையும் சொல்ல வேண்டும். அங்கே கதை சுபமாக முடிந்துவிடவில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு குடியிருப்பில் டிரான்ஸ்பார்மரை அடிவாரத்திலேயே வைத்துவிட்டார்கள். அங்கிருந்து வெறும் எல்டி லைன், அதாவது 400 வோல்ட் கம்பி, மலையேறிப் போகிறது. 11,000 வோல்ட்டில் அனுப்புகிற அதே சக்தியை 400 வோல்ட்டில் அனுப்பினால் கம்பியில் ஓடும் கரண்ட் இருபத்தேழு மடங்குக்கு மேல். தூரம் கூடக் கூட வோல்டேஜ் இறங்கிக்கொண்டே போகும். கடைசி வீட்டில் சாயங்காலம் மீட்டர் வைத்தேன், 230 இருக்க வேண்டிய இடத்தில் 150-ஐத் தொட்டுக்கொண்டிருந்தது. எல்இடி பல்பு அதிலும் எரியும், அதனால் கணக்கில் அந்த வீட்டில் 'மின்சாரம் உண்டு'. மிக்சி உறுமும், சுற்றாது. ஆசையாக வாங்கிய மாவு மெஷினின் காயில் கருகிவிட்டது. சின்ன டிரான்ஸ்பார்மர், 16 அல்லது 25 கேவிஏ, வீடுகளுக்கு நடுவிலேயே வைத்திருந்தால் இந்தப் பிரச்சினை இல்லை. 11,000 வோல்ட் லைனை மேலே வரைக்கும் கொண்டுபோவது செலவு என்று அடிவாரத்தில் நிறுத்திவிட்டார்கள்.

அப்புறம் ஃபியூஸ். டிரான்ஸ்பார்மரில் ஃபியூஸ் போனால் லைன்மேன் வர வேண்டும். அவர் கையில் இருப்பது பல ஊர், ஒரு பைக். காற்று மழையில் எல்லா ஊரிலும் ஒரே நேரத்தில் போகும். மலை ஊர் கடைசி. அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது, காலிப் பணியிடத்தின் பாரம் முழுக்க அந்த ஒரு ஆளின் தோளில். ஊர்ப் பையன்கள் பொறுக்க முடியாமல் தாங்களே கம்பில் கம்பியைச் சுற்றி ஃபியூஸ் போடப் போவார்கள். அப்படிப் போய்க் கருகிய கையைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள்.

மார்ச் 5

நேற்றைய குறிப்புக்கு ஒருவர் கேட்டது முக்கியமான கேள்வி: 'வாரியம் ஏன் அக்கறை காட்டாது? கரண்ட் விற்றால் அவர்களுக்கு வருமானம்தானே?'

விற்றால் வருமானம். தமிழ்நாட்டில் 2016-இலிருந்து வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். குடிசை சர்வீஸ் அதற்கும் வெகு முன்னாலிருந்தே இலவசம். மலை வீட்டில் நூறு யூனிட் தாண்டாது, பில் பூஜ்யம். இந்த இலவசத்தை நான் முழு மனசோடு ஆதரிக்கிறேன். அது இல்லாவிட்டால் பாதி வீட்டில் இணைப்பைத் துண்டித்திருப்பார்கள். ஆனால் பில்லே வராத லைனில் பழுது பார்க்கப் போகிற ஒவ்வொரு தடவையும் அந்தப் பிரிவு ஆபீசுக்குச் செலவுதான். அரசு மானியம் மேலே வாரியத்துக்குப் போய்விடுகிறது. கீழே லைன்மேனின் பெட்ரோலுக்கு அதிலிருந்து எதுவும் வருவதில்லை. மலை லைன்களுக்கென்று தனிப் பராமரிப்புப் பணம், தனி ஆள் என்று ஒதுக்கினால் ஒழிய இது தீராது.

எல்இடியால் ஒரு நன்மை நடந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். 2014-இல் அரசு மொத்தமாக வாங்கியபோது ஒரு எல்இடி பல்பு 310 ரூபாய், 2016-இல் 38 ரூபாய்க்கு வந்தது. பழைய அறுபது வாட் வெளிச்சத்தை இப்போது ஒன்பது வாட் கொடுக்கிறது. ஒரு பேட்டரியில் முன்பு ஒரு அறைக்கு எரிந்த விளக்கு இப்போது வீடு முழுக்க எரிகிறது. எந்தத் திட்டத்தையும்விட ஏழை வீட்டுக்கு இது உதவியது என்று நினைக்கிறேன்.

மார்ச் 19

கேள்வி கேட்ட தம்பி திரும்பவும் எழுதியிருக்கிறார். 'கடைசியில் சோலாரா கம்பியா, ஒன்றைச் சொல்லுங்கள்' என்று.

கம்பி போக முடிந்த இடத்துக்குக் கம்பி, அதுவும் மில் ஓடுகிற வோல்டேஜில். போக முடியாத இடத்துக்கு வீட்டுக்கு வீடு பெட்டி கொடுக்காமல், ஊருக்குப் பொதுவாக ஒரு சோலார், அதில் ராகி மில்லும் தண்ணீர் மோட்டாரும் பகல் வெயிலிலேயே ஓடட்டும். பகலில் ஓடுவதற்குப் பெரிய பேட்டரி தேவையில்லை, செலவு குறையும். மில்லில் படிக்கு இவ்வளவு என்று வாங்கினால் அதைப் பார்த்துக்கொள்கிற பெண்ணுக்குச் சம்பளமும் வந்துவிடும். விளக்குக்குச் சின்ன பேட்டரி போதும்.

முன்பு இவ்வளவு உறுதியாகச் சொல்லியிருக்க மாட்டேன், கம்பி ஒன்றே தீர்வு என்றுதான் பேசிக்கொண்டிருந்தேன். லோ வோல்டேஜில் கருகிய அந்த மாவு மெஷினைப் பார்த்த பிறகுதான் எது வந்தாலும் பக்கத்தில் ஆள் வேண்டும் என்று கேட்க ஆரம்பித்தேன்.

ஏப்ரல் 2

மனு எழுதித் தரச் சொல்லிக் கேட்டவர்களுக்கு.

தமிழ்நாட்டில் அடுத்த கிராம சபை மே 1. ஆனால் கீழூர்க் கூட்டத்தில் மேலூர் விஷயம் கடைசியில் ஒரு வரியாகப் போகும். வன உரிமைச் சட்டப்படி உங்கள் குடியிருப்பின் சபையையே கூட்டச் சொல்லுங்கள். பாதிப் பேராவது வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தீர்மானம் செல்லாது என்று திருப்பிவிடுவார்கள்.

தீர்மானத்தில் 'மின்சார வசதி வேண்டும்' என்று மட்டும் எழுதாதீர்கள். அப்படி எழுதினால் ஒரு கம்பம் நட்டுவிட்டு, கோரிக்கை நிறைவேற்றப்பட்டது என்று பதில் வரும். பிரிவு 3(2) என்று எண்ணோடு எழுதுங்கள். டிரான்ஸ்பார்மர் குடியிருப்புக்குள் வேண்டும், லைன் உறை போட்ட கேபிளாக வேண்டும், ராகி மில்லுக்கு த்ரீ ஃபேஸ் வேண்டும் என்று எழுதுங்கள். சோலார் என்றால் பேட்டரி மாற்றும் பணம் எந்தக் கணக்கில் வரும் என்று கேளுங்கள். பழுது பார்க்க ஊர்ப் பெண்கள் இருவருக்குப் பயிற்சியும் மாதச் சம்பளமும் என்ற வரியை எக்காரணம் கொண்டும் வெட்ட விடாதீர்கள்.

இரண்டு நகல் எடுத்து, ஒன்றில் ஆபீஸ் சீல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்தியூர், சத்தி பக்கம் யாராவது சபை கூட்டினால் இங்கே தேதி போடுங்கள். வோல்டேஜ் மீட்டரோடு வந்து, கடைசி வீட்டில் எவ்வளவு வருகிறது என்று அளந்து எழுதித் தருகிறேன். எண்ணோடு போகிற மனுவைத் தள்ளிவைப்பது கொஞ்சம் கஷ்டம்.